ஊசி குத்திய கையோடு

என் வாழ்நாளில் டெனிஸ் மட்டையை நான் கையால் தொட்டது கிடையாது. தொலைக்காட்சியில் யாராவது விளையாடினாலும், பதினைந்து பதினைந்தாகக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் முப்பதுக்குப் பிறகு ஏன் நாற்பதுக்குப் போகிறார்கள் என்று விளங்காமல் சனலை மாற்றிவிடுவேன். (நான் கணித வாத்தியார். பிழையான கூட்டலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.) அப்படிப்பட்ட எனக்கு டெனிஸ் எல்போ வந்தது. விளையாடினவர்களுக்குக் கிண்ணம் கிடைத்தது, விளையாடாத எனக்கு வருத்தம் கிடைத்தது. அதோடு நின்றிருந்தால் இதை எழுதவேண்டி வந்திராது. அந்த முழங்கையை வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை பகல் கண்டி நகரத்தில் நான் செய்த காரியத்தை எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் மறக்க விடுவதில்லை.

யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டியிருந்த காலம் அது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த நான், படித்து முடித்த பிறகு ஊருக்குப் போக வழியில்லாமல் கண்டியிலேயே தங்கிவிட்டேன். அம்மாவும் அப்பாவும் அங்கே. நான் இங்கே, ஹந்தானைக்கு ஏறும் வீதியில் ஒரு வீட்டின் பின்னறையில் போர்டிங். நகரத்தில் ஒரு டியூட்டரியில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தேன். மலையகத்துப் பிள்ளைகளுக்கு என் பேச்சு நல்ல வேடிக்கை. ஆமாம் என்பதற்கு நான் 'ஓம்' என்று சொல்லும்போதெல்லாம் கடைசி வாங்கில் ஒருவன் கண்ணை மூடிக் கும்பிடுவான்.

அந்த டியூட்டரியில் ஒரு ரோணியோ மெஷின் இருந்தது. எழுதிய ஸ்டென்சிலை உருளையில் மாட்டிவிட்டுக் கைபிடியைச் சுற்றச் சுற்ற, ஒவ்வொரு தாளாக அச்சாகி விழும். வெள்ளைக்காரன் போகும்போது தூக்கிக்கொண்டு போகப் பயந்து விட்டுப்போன சாமான் என்று நினைக்கிறேன், கைபிடி அவ்வளவு இறுக்கம். யார் படிப்பிக்கிறாரோ அவரே தன் வினாத்தாளை அடித்துக்கொள்ளவேண்டும் என்பது டியூட்டரி முதலாளியின் கொள்கை. பரீட்சை கிட்டக் கிட்ட நான் எழுதிய வினாத்தாள்களும் கூடின. படிப்பித்த நேரத்தைவிடச் சுற்றிய நேரம் அதிகம். பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது கை முழுக்க மை. பார்க்கிறவர்கள் என்னை வாகனம் திருத்துகிறவன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

முதலில் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கும்போது முழங்கையின் வெளிப்பக்கத்தில் சுள்ளென்று ஒரு நோ. பிறகு கதவுப் பிடியைத் திருகும்போது. பிறகு பல் துலக்கும்போது. கடைசியில் கரும்பலகையில் நான் போட்ட தொகையீட்டுக் குறி பாதியில் சரிந்து விழுந்து புழு மாதிரிக் கிடந்தது. பிள்ளைகள் அதையும் அப்படியே பார்த்து எழுதிக்கொண்டார்கள். போர்டிங்கார அக்கா ஓர் எண்ணெய் தந்தார். அதைப் பூசிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால், கண்டியில் எந்த நெரிசலிலும் எனக்குப் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. நோவில் மாத்திரம் மாற்றமில்லை.

அப்போதுதான் யாரோ டொக்டர் நிசாமைப் பற்றிச் சொன்னார்கள். நீண்ட காலம் இங்கிலாந்தில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர். மார்க்கட்டுக்குப் பின்பக்கம் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் அவருடைய கிளினிக். ஒருவர் ஏறினால் மற்றவர் இறங்க முடியாத ஒடுக்கமான படி. டொக்டர் என் கையை மேசையில் வைத்து, முழங்கைக்குக் கொஞ்சம் கீழே பெருவிரலால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் அமத்தினார். நான் கதிரையோடு எழும்பிவிட்டேன்.

"இங்கதானே ஈக்குது," என்றார் அவர், தொலைந்த சாவியைக் கண்டெடுத்தவர் போல.

டெனிஸ் எல்போ என்று அவர் சொன்னதும் நான் உடனே மறுத்தேன். சேர், எனக்கும் டெனிசுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றேன். அவர் சிரித்துவிட்டு விளங்கப்படுத்தினார். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் தசைக்குள் ஓரிடம் முடிச்சுப் போல இறுகிவிடுமாம். அதன் பெயர் ட்ரிகர் பொயின்ட். துவக்கின் விசையைத் தொட்டால் வெடி வேறெங்கோ போய் விழுவது போல, முடிச்சை இங்கே தொட்டால் நோ அங்கே தெறிக்கும். அந்த முடிச்சுக்குள் மெல்லிய ஊசியைக் குத்தினால் தசை ஒருமுறை துள்ளிவிட்டு இளகிவிடும். இந்த வைத்தியத்துக்கு ட்ரை நீட்லிங் என்று பெயர் என்றார்.

'ட்ரை' பண்ணுகிறார் என்றால், இதற்கு முந்தி வேறு யாருக்கும் செய்ததில்லையோ? தயங்கித் தயங்கி அதைக் கேட்டும்விட்டேன். மேசைக்குப் பக்கத்தில் பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்துவைத்துக்கொண்டிருந்த பெண் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது. டொக்டர் மாத்திரம் முகத்தை மாற்றாமல், ஊசிக்குள் மருந்து ஒன்றும் இல்லை, வெறும் உலர்ந்த ஊசி, அதனால்தான் அந்தப் பெயர் என்றார்.

அந்தப் பெண்தான் சரோஜா. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து தினமும் காலையில் நடந்து இறங்கி வருவாள். டொக்டருக்கு உதவி, நோயாளிகளுக்கு இலக்கம் கொடுப்பது, பயந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் அவள்தான். தமிழும் சிங்களமும் ஒரே வேகத்தில் பேசுவாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்க சார், எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்," என்றாள். எனக்குப் பயமெல்லாம் இல்லை, இதைவிடப் பெரிசெல்லாம் ஊரில் பார்த்துவிட்டு வந்தவன் என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். சொல்லி வாய் மூடுவதற்குள் டொக்டர் குத்திவிட்டார். முழங்கையிலிருந்து ஏதோ ஒன்று மின்னல் மாதிரி ஓடி, விரல் தானாகத் துள்ளியது. நான் போட்ட கூப்பாட்டில் அம்மாவுக்கு யாழ்ப்பாணத்தில் கேட்டிருக்கும்.

"துள்ளிச்சு. நல்லம்," என்றார் டொக்டர். துள்ளியது தசையா நானா என்று அவர் சொல்லவில்லை.

ஒன்றிரண்டு முறை போனதும் நோ மெல்லக் குறைந்தது. தேத்தண்ணிக் கோப்பை கையில் நின்றது. ஆனால் முழங்கையைச் சுற்றி ஊசி ஏறிய இடமெல்லாம் நீலமாகக் கண்டிப்போயிருந்தது. (கண்டியில் கண்டிப்போன ஒரே முழங்கை என்று சரோஜா சொல்வாள்.) குறைந்த நோவைக் குறைந்தது என்று நான் உடனே ஒப்புக்கொள்ளவும் இல்லை. இன்னும் கொஞ்சம் இருக்கிற மாதிரித்தான் சேர், என்று இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். காரணம் டொக்டருக்கும் விளங்கியிருக்கவேண்டும்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்திய நாள் ரோணியோவின் கைபிடி உடைந்துபோனது. (என் கையைவிட அது பலவீனம் என்று தெரிந்ததில் எனக்கு ஒரு சந்தோசம்.) மறுநாள் காலையில் வெல்டிங் கடையில் கொடுத்து ஒட்டுவித்தேன். பழுதாய்ப்போன வினாத்தாள்களால் அதைச் சுற்றினேன். புதிதாக ஒரு மை டின்னும் வாங்கினேன். இரண்டையும் போர்டிங் வீட்டுத் தோட்டத்தில் கிடந்த ஓர் உரப்பைக்குள் போட்டு வாயைச் சிவப்புக் கயிற்றால் கட்டினேன். பை சின்னது. கைபிடியின் முனை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பையின் வெளிப்பக்கத்தில் பெரிய நீல எழுத்தில் 'யூரியா' என்று இருந்தது. அந்த நாட்களில் வடக்குப் பக்கம் ஒரு பிடி யூரியா கொண்டுபோக விடமாட்டார்கள், குண்டு செய்வார்கள் என்று பயம். இது எனக்கும் தெரியும். ஆனால் பையில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் பார்த்தது?

கிளினிக்குக்குப் போனபோது அந்தப் பாரத்தை ஒடுக்கமான படியில் தூக்க முழங்கை விடவில்லை. படிக்குக் கீழே, துணிக்கடைக் கதவோரத்தில் பையை வைத்துவிட்டு மேலே ஏறினேன்.

டொக்டர் எனக்கு ஊசிகளைக் குத்தி, கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும், கையை அசைக்க வாணாம் என்றார். நான்கு ஊசிகள் முள்ளம்பன்றி மாதிரி நின்றன. அடுத்த கட்டிலில் ஓர் இரும்புக்கடை முதலாளி முதுகு நிறைய ஊசிகளுடன் குப்புறப் படுத்திருந்தார். நான் கையை மேசையில் நீட்டியபடி, யாழ்ப்பாணத்துக் கடல் எப்படி இருக்கும் என்று சரோஜாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கடலே பார்த்ததில்லை. ஆகையால் நான் விரும்பிய அளவுக்கு அலையை உயர்த்த முடிந்தது.

அலை நல்ல உயரத்துக்கு வந்த நேரம், கீழே துணிக்கடைக்குள்ளிருந்து யாரோ "போம்ப!" என்று சிங்களத்தில் கத்தினார்கள், குண்டு என்று.

அதன் பிறகு நடந்ததை நான் பெருமையாகச் சொல்ல முடியாது. முதுகில் ஊசியோடு இருந்தவர் எழும்ப முடியாது என்றார். அவரை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று டொக்டர் நின்றார். சரோஜா ஓடிப்போய் ஜன்னல்களைத் திறந்தாள். நான் மாத்திரம் அங்கே இல்லை. அவளைத் தாண்டி, கதவைத் தாண்டி, அந்த ஒடுக்கமான படியை இரண்டு பாய்ச்சலில் இறங்கிவிட்டேன். அடியில் ஒரு பை குறுக்கே கிடந்தது. அதன் மேலாகப் பாய்ந்தேன். பாயும்போது ஓர் இரும்பு முனை தெரிந்தது. இதுதான் குண்டு என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. துணிக்கடைப் பெண்களிடம் அந்தப் பையைத் தொடவேண்டாம் என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

வீதி முழுக்கச் சனம். கடைகள் சடசடவென்று கதவை இழுத்து மூடின. பஸ்களைத் திருப்பி அனுப்பினார்கள். எல்லாரும் எங்கே, என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார்களே தவிர, கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. நான் கண்டேன் என்றேன். அவ்வளவுதான், என்னைச் சுற்றி ஒரு கூட்டம். நானும் என் உடைந்த சிங்களத்தில் விபரிக்கத் தொடங்கினேன். ஆட்கள் வாயைப் பிளந்து கேட்கக் கேட்க எனக்கும் உற்சாகம் வந்தது. வகுப்பில்கூட இவ்வளவு கவனமாக யாரும் நான் சொன்னதைக் கேட்டதில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பொலிஸ் சார்ஜன்ட் வந்தார். அகன்ற தோள், அடர்ந்த மீசை. யார் கண்டது என்று கேட்டார். எல்லா விரல்களும் என்னைக் காட்டின. பை எப்படி இருந்தது என்று கேட்டார். நான் சொன்னேன். வெள்ளை உரப்பை. நீல எழுத்து. வாயில் சிவப்புக் கயிறு. வெளியே ஓர் இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது, முனையில் வளைந்து, மரப்பிடி போட்டு, ரோணியோ மெஷின் கைபிடி மாதிரி...

அந்த இடத்தில் என் குரல் மெல்ல மெல்ல இறங்கி நின்றுவிட்டது.

அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் நினைத்தவை அனேகம். பேசாமல் கூட்டத்துக்குள் நழுவிவிடலாம். ஆமிக்காரர் வந்து பையைத் தூரத்திலிருந்து வெடிக்கவைப்பார்கள், டியூட்டரிக்குக் கைபிடி இல்லாமல் போகும், என் முழங்கைக்கு நிரந்தர விடுதலை. ஆனால் பைக்குள் இருந்த தாள்களில் டியூட்டரியின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே என் பெயரும் இருந்தது. மேலே மாடியில் சரோஜா இன்னும் நிற்கிறாள் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவளை விட்டுவிட்டு ஓடிவந்தது போதும் என்று பட்டது.

"ஏக்க மகே," என்றேன். அது என்னுடையது.

என்னைச் சுற்றி நின்ற கூட்டம் அப்படியே பின்வாங்கி வட்டமாக நின்றது. அப்போதுதான் சார்ஜன்ட் என் கையைப் பார்த்தார். ஊசிகள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன.

பொலிஸ் நிலையத்தில் முதலில் அடையாள அட்டையைக் கேட்டார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம். அடுத்து முழங்கையைக் காட்டச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் தமிழ்ப் பொடியன்களைச் சோதித்தால் முழங்கையையும் முழங்காலையும் பார்ப்பார்கள். ஆயுதப் பயிற்சியில் தரையில் ஊர்ந்தவனுக்கு அங்கே காயம் இருக்கும் என்று கணக்கு. என் முழங்கையை நினைத்துப் பாருங்கள். நீலமும் பச்சையுமாகத் தேசப்படம் போல இருந்தது. இன்ஸ்பெக்டர் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

அன்றைக்கு நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதுதான் பிரச்சினை. முழங்கைக்கு என்ன நடந்தது என்று கேட்டார், டெனிஸ் எல்போ என்றேன். எங்கே டெனிஸ் விளையாடுகிறாய் என்றார், விளையாடுவதில்லை என்றேன். அப்படியென்றால் எப்படி வந்தது என்றார், ரோணியோ சுற்றி என்றேன். அந்த நாட்களில் ரோணியோ என்றாலே துண்டுப்பிரசுரம் என்றுதான் பொலிசுக்குப் படும். ஆமிக்காரர் சோதித்துவிட்டுக் கொடுத்த பையை அவர் கொண்டுவரச் சொல்லி, கைபிடியைச் சுற்றியிருந்த தாள்களை விரித்தார். நாலா பக்கமும் சரிந்து கிடந்த தொகையீட்டுக் குறிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்த மொழி என்று கேட்டார். கணிதம் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

கடைசியில் இந்த ஊசி எதற்கு என்று கேட்டார். நான் மூச்சை இழுத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் சேர்த்து, டொக்டர் என் ட்ரிகரைச் சரிசெய்கிறார் என்றேன்.

அறைக்குள் இருந்த எல்லாரும் எழும்பிவிட்டார்கள். மற்ற எந்தச் சொல்லும் அவர்களுக்குச் சரியாக விளங்கவில்லை. அந்த ஒரு சொல் விளங்கியது.

இப்போது சிரிக்கிறேன். அந்த வாங்கில் இருந்தபோது சிரிப்பு வரவில்லை. அப்படி விசாரிக்கக் கூட்டிக்கொண்டு போன சிலர் திரும்பி வர மாதக்கணக்கானது. எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரியாமல் தாய்மார் ஒவ்வொரு வாசலாக அலைந்தார்கள். என் தாய்க்கு அலைய வாசலும் இல்லை, பாதையும் இல்லை. எனக்காகப் பேச வருவதற்குக் கண்டியில் ஒருவரும் இல்லை. டியூட்டரி முதலாளிக்குச் செய்தி போனது. அவருக்குத் திடீரென்று காய்ச்சல் என்று பதில் வந்தது. அவரைக் குறைசொல்ல முடியாது, அந்தக் காய்ச்சல் அப்போது எல்லாருக்கும் இருந்தது. கை மரத்துப்போக, நான் நீட்டியபடியே வைத்துக்கொண்டு இருந்தேன். அசைக்க வாணாம் என்று டொக்டர் சொல்லியிருந்தாரே.

அந்த நேரம் வாசலில் ஒரு பெண்குரல் சிங்களத்தில் கேட்டது. சரோஜா. கையில் ஒரு தட்டு, அதில் பஞ்சும் ஸ்பிரிட் போத்தலும். டொக்டருடைய ஊசிகள் இங்கே ஓர் ஆளின் கையில் இருக்கின்றன, அவற்றை எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறேன் என்று வாசல் பொலிஸ்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இரும்புக்கடை முதலாளியின் முதுகிலிருந்து எல்லா ஊசியையும் எடுத்து அவரை இறக்கியதும் டொக்டரே வருவார் என்றும் சொன்னாள். தோட்டத்து லயத்திலிருந்து வரும் ஒரு தமிழ்ப் பெண், அந்த நாளில், தன்னந்தனியாக ஸ்டேஷன் படியேறி வந்து, ஏதோ கடையில் விட்டுவிட்டுப் போன குடையைக் கேட்கிற மாதிரி நின்றாள்.

இன்ஸ்பெக்டர் அவளை உள்ளே கூப்பிட்டார். அவள் எல்லாவற்றையும் ஆறுதலாக விளங்கப்படுத்தினாள். தசை, முடிச்சு, ஊசி, எல்லாம். அவர் தலையை ஆட்டினாலும் முகம் இளகவில்லை. மருந்தில்லாத ஊசியைக் குத்தினால் எப்படி நோ மாறும் என்று கேட்டார். (நியாயமான கேள்வி. எனக்கும் மனசில் வந்ததுதான்.) தசை துள்ளும், பார்க்கிறீர்களா என்றாள் அவள். என் பக்கம் திரும்பி, "கொஞ்சம் பொறுத்துக்குங்க சார்," என்றாள்.

ஒரு ஊசியை இரண்டு விரலால் பிடித்து மெல்ல ஏற்றி இறக்கினாள். முழங்கைக்குக் கீழே தசை மீன் மாதிரித் துள்ளியது. அதோடு என் கையில் மற்ற விரல்கள் எல்லாம் மடிந்து கிடக்க, நடுவிரல் மாத்திரம் தனியாக எழும்பி, இன்ஸ்பெக்டரின் முகத்துக்கு நேரே விறைத்து நின்றது.

வீடியோக் கடைகளில் கிடைத்த ஆங்கிலப் படங்களின் புண்ணியத்தில் அந்த விரலுக்கு என்ன அர்த்தம் என்பது அப்போது கண்டியில் எல்லாருக்கும் தெரியும்.

நான் விரலை மடக்கப் பார்த்தேன். அது இன்னொருமுறை துள்ளியது. என் ஆயுள் அத்தோடு முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது பின்னால் ஒரு சத்தம், சோடாப் போத்தல் திறந்த மாதிரி. என்னைப் பிடித்துக்கொண்டு வந்த சார்ஜன்ட் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நின்றார். அடக்க முடியாமல் அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார், சரோஜாவைப் பார்த்தார்.

"ஆயெத்," என்றார். இன்னொருமுறை.

இன்னொருமுறையோடு அது நிற்கவில்லை. பக்கத்து அறையிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டார்கள். வாசலில் காவல் நின்றவரும் வந்தார். ஜீப் சாரதியும் வந்தார். ஒவ்வொருவருக்காகவும் சரோஜா ஊசியை அசைக்க, யாழ்ப்பாணத்தில் பிறந்த நான் கண்டிப் பொலிஸ் நிலையமொன்று முழுவதற்கும் விரல் காட்டினேன். ஒவ்வொரு துள்ளலுக்கும் உயிர் போய் வந்தது. ஆனால் நான் கூப்பாடு போடவில்லை. டொக்டர் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தபோது எனக்குத் தேத்தண்ணி கொடுத்திருந்தார்கள். ஊசிகளை எடுத்து, பஞ்சால் துடைத்து, என்னை டொக்டரின் பொறுப்பில் வெளியே விட்டார்கள். கைபிடியையும் தந்தார்கள். உரப்பையை மாத்திரம் தரவில்லை.

வாசலில் சார்ஜன்ட் எங்களை நிறுத்தினார். தன் வலக்கையைச் சட்டென்று டொக்டரிடம் நீட்டி, துவக்குத் தூக்கித் தூக்கித் தனக்கும் அதே இடத்தில்தான் நோ என்றார். பெயர் சோமபால. பக்கத்து ஊரான கலகெதரக்காரர்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் கிளினிக்கின் வாங்கில் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்போம். இருவருடைய முழங்கையும் ஒரே நிறம். முதல்முறை ஊசி ஏறியபோது அவர் போட்டது என்னுடையதைவிடப் பெரிய கூப்பாடு என்பதைச் சரோஜா சாட்சி சொல்வாள். அவர் கதை முழுக்கக் கலகெதரயில் இருந்த மிளகுக் கொடிகளைப் பற்றியும் படிப்பில் நாட்டமில்லாத மகனைப் பற்றியும். மகனுக்குக் கணிதம் வராது என்றார். சிங்களம் சரியாகத் தெரியாத நான், தமிழ் தெரியாத அந்தப் பையனுக்குக் குறிகளாலேயே படிப்பித்தேன். அவன் எப்படியோ சித்தியடைந்தான். எங்கள் இருவரில் யார் அதிகம் ஆச்சரியப்பட்டது என்று தெரியாது.

எனக்கு நோ முற்றாக மாறியது. இந்தமுறை மாறவில்லை என்று இழுக்க முடியாதபடி டொக்டர், இனி வரவாணாம், வந்தா வேற காரணம் செல்லுங்க என்றார். நானும் வேறு காரணத்தைச் சரோஜாவிடம் சொன்னேன். குண்டு என்று கத்தினால் இனியும் என்னை விட்டுவிட்டு ஓடுவீங்களா என்று கேட்டாள். ஓடுவேன், ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன் என்றேன். எந்தக் கையால் என்று கேட்டாள்.

அவளுடைய அப்பா அவ்வளவு இலேசாக விடவில்லை. யாழ்ப்பாணத்து மாப்பிள்ளை, ஆள் யார், எவர் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பையன் வீட்டுப் பக்கத்திலிருந்து முறையாகப் பெண் கேட்க யாராவது வரட்டும் என்றார். நியாயமான பேச்சு. ஆனால் பாதை பூட்டியபடி. அம்மாவும் அப்பாவும் வர வழியில்லை. டியூட்டரி முதலாளிக்கு வேறு அலுவல். நோவில்லாமலே கிளினிக் வாங்கில் போய் இருந்தபடி இதை வாய்தவறி சோமபாலவிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு காலையில் அவர் வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையுமாக, கையில் வாழைக்குலையும் ஒரு பெட்டி கவும் பலகாரமும் தூக்கிக்கொண்டு ஹந்தானை லயத்துக்கு ஏறி வந்தார். பொலிஸ் வருகிறது என்று லயமே கதவைச் சாத்திக்கொண்டது. சரோஜாவின் அப்பாவுக்கு முன்னால் வாங்கில் உட்கார்ந்து, இந்தப் பையனை எனக்குத் தெரியும், நானே முழுசாகச் சோதித்துப் பார்த்த ஆள், ஒரு குற்றமும் கிடைக்கவில்லை என்று சிங்களத்தில் சொன்னார். அதைத் தமிழில் பெயர்த்துச் சொன்னது மணப்பெண்ணேதான். அந்த மாதிரி நற்சான்றுப் பத்திரத்தோடு கண்டியில் வேறு எந்த மாப்பிள்ளையும் பெண் கேட்டிருக்கமாட்டான்.

கலியாணம் கோயிலில் சின்னதாக நடந்தது. பெண் வீட்டுப் பக்கம் தோட்டமே வந்து நின்றது. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் டொக்டர் நிசாம், போர்டிங்கார அக்கா, முன்வரிசையில் சோமபாலவும் மனைவியும் மகனும். ஐயர் மாப்பிள்ளையின் தகப்பன் யார் என்று கேட்டபோது எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சோமபாலவுக்குத் தமிழ் விளங்காவிட்டாலும் கேள்வி விளங்கியிருக்கவேண்டும். எழும்பி வந்து என் பக்கத்தில் நின்றார். கடைசிவரை நகரவில்லை.

பாதை திறந்து, அப்பாவை வீட்டுக்குக் காவலாக விட்டுவிட்டு அம்மா கண்டிக்கு வந்தபோது எங்களுக்கு மூத்தவள் நடக்கத் தொடங்கியிருந்தாள். அம்மா கலியாண அல்பத்தைத் திறந்து, ஒவ்வொரு படமாகத் தடவித் தடவிப் பார்த்தார். அப்பா நிற்கவேண்டிய இடத்தில் நின்ற மீசைக்காரரில் வந்து விரல் நின்றது. இது ஆர் என்று கேட்டார். சரோஜா தன் பாட்டில், "இவரைப் புடிச்ச சார்ஜன்ட், அத்தை," என்றாள். அம்மாவுக்கு அது எந்த அர்த்தத்தில் விளங்கியதோ தெரியாது. படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஓம், பார்க்கவே தெரியுது," என்றார்.

அன்றிலிருந்து எங்கள் பிள்ளைகளுக்கு அவர் 'புடிச்ச மாமா'. கலகெதரயிலிருந்து வாழைக்குலையோடு அவர் வாசலில் தெரிந்தால், புடிச்ச மாமா வாறார் என்று சத்தம் கேட்கும். வீட்டுக்கு வரும் புதியவர்கள், ஆகப் பிரியமான மாமாவாக்கும் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள். நாங்கள் யாரும் அதைத் திருத்துவதில்லை.